மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் என்ன நடந்தது?

பைபிளில் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியாவை முடித்து, புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகமான மத்தேயுவைத் திறந்தால் ரோமர், ஏரோது, பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் எல்லாம் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம்தான் புரட்டுகிறோம், ஆனால் நடுவில் 400 வருடம் போல ஓடிவிட்டது. பாரசீகர் கையிலிருந்த யூதர் நாட்டை கி.மு. 332இல் அலெக்சாந்தர் பிடித்தார். அப்புறம் வந்த கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்த, மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தார் கிளர்ந்தெழுந்து சண்டை போட்டு கி.மு. 164இல் அதை மீட்டுப் பிரதிஷ்டை செய்தார்கள். யோவான் 10:22-23இல், மாரிகாலத்தில் ஒரு பண்டிகையின்போது இயேசு ஆலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவுகிறாரே, அது இந்தப் பிரதிஷ்டையை நினைவுகூரும் பண்டிகைதான். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு வந்து நாட்டைப் பிடித்தார். ஏரோது ரோமர் வைத்த ராஜா. கத்தோலிக்க பைபிள் கிடைத்தால் 1 மக்கபேயரைப் புரட்டிப் பாருங்கள், கதை விறுவிறுப்பாகவே போகும். நற்செய்திகளை மாற்குவிலிருந்து தொடங்குங்கள், நான்கில் அதுதான் சின்னது.