கையில் மாவு, வாயில் பட்டியல்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் அத்தனையும் குரல் உதவியாளரைப் பற்றியவை, அதாவது வாயால் சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் அலெக்ஸா, சிரி மாதிரியானவை. போனைத் தொடாமல் வாயால் சொல்லியே வேலைப் பட்டியலை நடத்த முடியுமா என்பதுதான் சாரம். முடியும். ஆனால் பட்டியலில் சேர்க்க வாய் போதும். அதை ஒழுங்காக வைத்திருக்கக் கண்ணும் வேண்டும். கீழே உள்ள பாதிப் பதில்கள் அதில்தான் போய் நிற்கும்.

அண்ணா, அலெக்ஸாவிடம் "புளி சேர்" என்றால் வேறு ஏதோ எழுதி வைக்கிறது. தமிழ் எடுக்காதா?

இந்தியாவில் அமேசானின் அலெக்ஸாவுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும். நம் புளியை அது ஆங்கிலக் காதால் கேட்டு, தனக்குத் தெரிந்த சொல்லை எழுதிவிடும். 'டாமரிண்ட்' என்று சொல்லிவிடுங்கள், சண்டை முடிந்தது. தமிழில்தான் பேசுவேன் என்றால் ஆண்ட்ராய்டு போன் பரவாயில்லை. கூகுள் அசிஸ்டன்ட், கூகுளின் புதிய உதவியாளரான ஜெமினி இரண்டுக்கும் தமிழ் உண்டு. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், சிரியிடம் இந்திய ஆங்கிலத்தோடு தமிழையும் கலந்து பேசலாம். எதில் பேசினாலும் மேடைத் தமிழ் வேண்டாம். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு கேஸ் புக் பண்ண ஞாபகப்படுத்து" என்று வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள்.

சொன்னதை எல்லாம் "சேர்த்துவிட்டேன்" என்கிறது. எங்கே சேர்த்தது என்றுதான் தெரியவில்லை!

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். சிரியிடம் சொன்னது ஐபோனின் ரிமைண்டர்ஸ் செயலிக்குப் போகும். அலெக்ஸாவிடம் சொன்னது அலெக்ஸா செயலிக்குள்ளேயே இருக்கும். கூகுளில்தான் குழப்பம். "ஞாபகப்படுத்து" என்று சொன்னவை, 2023இல் நடந்த மாற்றத்துக்குப் பிறகு, கூகுள் டாஸ்க்ஸ் என்ற வேலைப் பட்டியல் செயலியில் போய் உட்காரும். குறிப்புகள் கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் இருக்கும். ஆக ஒரே ஆளிடம் சொன்ன வேலைகள் இரண்டு செயலிகளில் கிடக்கும். ஜெமினிக்கு மாறிய போன் என்றால், அதன் அமைப்புகளில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் செயலித் தொகுப்பு) இணைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் டாஸ்க்ஸையும் கீப்பையும் ஜெமினியால் தொட முடியாது.

டூடூயிஸ்ட், எனி.டூ மாதிரி வேறு நிறுவன வேலைப் பட்டியல் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு அலெக்ஸாவிடம் சொன்னது நேராக அவற்றில் ஏறும். 2024 ஜூலை 1 முதல் அமேசான் அந்த வழியை அடைத்துவிட்டது. பழைய யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டாதீர்கள். என் யோசனை இதுதான்: தினமும் தானாகவே திறந்து பார்க்கும் செயலி எதுவோ, அதற்குப் பேசும் உதவியாளரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எக்கோ (அலெக்ஸா பேசும் ஸ்பீக்கர்), கையில் ஐபோன், அலுவலகத்தில் கூகுள் காலண்டர் என்று மூன்றிடமும் சொல்லி வைத்தால் மூன்றிலும் பாதிப் பாதி வேலைதான் இருக்கும்.

கரண்ட் பில் கட்டணும்னு பட்டியலில் சேர்த்தேன். கடைசி நாள் வரை வாயே திறக்கவில்லை.

பட்டியல் வேறு, நினைவூட்டல் வேறு. நேரம் சொல்லாமல் பட்டியலில் சேர்த்தது, நீங்கள் கேட்கும் வரை சும்மா கிடக்கும். தேதியும் மணியும் சேர்த்து "ஞாபகப்படுத்து" என்று சொன்னால்தான் குரல் கொடுக்கும். வேலையை முழுசாகச் சொல்வதும் முக்கியம். "பேங்க்" என்று மட்டும் சொல்லி வைத்தால் நாலு நாள் கழித்து அது என்ன பேங்க் வேலை என்று உங்களுக்கே புரியாது. "பேங்கில் பாஸ்புக் என்ட்ரி போடணும்" என்று சொல்ல இரண்டு நொடிதான் கூடுதல்.

"வீட்டுக்குப் போனதும் ஞாபகப்படுத்து" என்று சொல்லலாமா?

ஐபோனில் சொல்லலாம், வீட்டு முகவரி பதிந்திருந்து இருப்பிட அனுமதியும் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். கூகுளிலும் இருந்தது, டாஸ்க்ஸுக்கு மாறியபோது எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

வண்டி ஓட்டும்போது சொல்லிச் சேர்த்தால் போலீஸ் பிடிக்குமா?

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். காரில் போனைத் தாங்கியில் மாட்டி வாயால் மட்டும் ஒரு வரி சொல்வது வேறு விஷயம். அப்போதும் சரியாக எழுதியதா என்று திரையைப் பார்க்கக் கூடாது. திருத்தம் எல்லாம் வண்டி நின்ற பிறகு. பைக்கில் வேண்டவே வேண்டாம். காற்றுச் சத்தத்தில் அதற்கும் கேட்காது.

அப்பாவுக்குக் கை நடுக்கம், பேச்சும் நிதானம். பாதி சொல்வதற்குள் "புரியவில்லை" என்கிறது.

இதற்கு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஐபோனில் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குள் சிரியைத் திறந்தால், பேசி முடிக்கும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மிக நீண்டதையே வையுங்கள். அலெக்ஸா செயலியிலும் 'அடாப்டிவ் லிசனிங்' என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. அலெக்ஸா வேகமாகப் பேசுகிறது என்றால் மெதுவாகப் பேசச் சொன்னால் கேட்கும். "அலெக்ஸா" என்று கூப்பிட அப்பாவுக்குச் சிரமமாக இருந்தால் "எக்கோ" என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரே ஒரு வேலையை மட்டும் பழக்குங்கள், மாத்திரை நேரம் மாதிரி. ஒரே நாளில் எல்லாம் சொல்லிக்கொடுத்தால் பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்துவிடுவார். அப்புறம், மாத்திரைக்கு இதை மட்டுமே நம்ப வேண்டாம். நெட் போனால் எக்கோ நீங்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளாது.

எந்நேரமும் ஒட்டுக் கேட்குமா?

கூப்பிடும் பெயருக்காக எந்நேரமும் காது திறந்திருக்கும். அந்தப் பெயரைக் கருவியே கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகு பேசுவதுதான் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பிரச்சினை, டிவியில் யாரோ பேசியதைத் தன் பெயர் என்று நினைத்து விழித்துக்கொள்வது. சில எக்கோக்களில் பதிவை அனுப்பாமல் இருக்க ஒரு வசதி இருந்தது, அதை 2025 மார்ச் 28இல் அமேசான் நிறுத்திவிட்டது. எக்கோவின் மேல் உள்ள மைக் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போது கேட்காது. பழைய பதிவுகளைச் செயலியிலேயே அழிக்கலாம். பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் பட்டியலில் சொல்லி வைக்காதீர்கள். கூடத்தில் யார் கேட்டாலும் சத்தமாக வாசித்துக் காட்டும்.

பட்டியல் அறுபது வரி ஆகிவிட்டது. வாசிக்கச் சொன்னால் தூக்கம் வருகிறது.

வாசிக்கச் சொல்லாதீர்கள். "இன்னைக்கு என்ன இருக்கு" என்று மட்டும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து, செயலியைத் திறந்து, கையால் அழியுங்கள். ஒரு மாதமாக நகராத வரி இருந்தால், அது வேலை இல்லை, ஆசை. அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள்.