கருத்தடை ஊசியை நிறுத்தியும் கரு தங்கவில்லை: டாக்டர் மேல் வழக்குப் போடலாமா?

ஐந்து வருஷம் மூன்று மாதத்துக்கொரு தடவை கருத்தடை ஊசி போட்டிருக்கிறீர்கள். கடைசி ஊசி போட்டு ஒரு வருஷம் ஆகியும் கரு தங்கவில்லை. தனியார் டாக்டர் மேல் வழக்குப் போடலாமா என்பது கேள்வி. தாமதத்தை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது. தாமதமாகும் என்பதை ஊசி போடும் முன் உங்களிடம் சொன்னார்களா இல்லையா, அதில்தான் உங்கள் பிடி இருக்கிறது.

இந்த ஊசி 150 மில்லிகிராம் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன். அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்று போடுவதும் இதே மருந்துதான். தசையில் தேங்கி மெல்ல மெல்லக் கரைவதால், நிறுத்திய பிறகும் பல மாதம் கருமுட்டை வெளிவராமல் இருக்கலாம். கடைசி ஊசிக்குப் பின் கருத்தரித்தவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 10 மாதம் பிடித்தது, சிலருக்கு 31 மாதம் வரை போனது என்று மருந்தின் விவரத்தாளே சொல்கிறது. எத்தனை வருஷம் போட்டோம் என்பதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை. அதனால் 'ஊசியால் நிரந்தரமாக மலடாகிவிட்டேன்' என்று மனுவில் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்தே முழு மனுவையும் உடைத்துவிடும்.

கணவருக்கு விந்துப் பரிசோதனை, உங்களுக்குக் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே மூன்றையும் முடித்துவிடுங்கள். வயது 35 தாண்டியிருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வேறு காரணம் இருந்தால் சிகிச்சை தொடங்கலாம். இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டே உங்களுக்குச் சாட்சி.

சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் முக்கிய அபாயங்களையும் மாற்று வழிகளையும் விளக்கிய பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்றது. சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று நீங்கள் சொல்லியும் இந்த ஊசியையே தந்திருந்தால், காப்பர்-டி பற்றிப் பேசவே இல்லையென்றால், அதை மனுவில் முதலில் வையுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் போடும்போது எலும்பு அடர்த்தி குறைவதைப் பற்றி எச்சரித்தார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்றே செய்ய வேண்டியது, கேஸ் ஷீட், ஊசி அட்டை, சம்மதப் படிவம் இவற்றின் நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்தும் சீலும் வாங்குவது. 2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் உள்நோயாளிப் பதிவுகளையே மூன்று வருஷம்தான் கட்டாயமாகப் பாதுகாக்க வேண்டும், ஆகவே பழைய தாள்கள் எந்த நாளும் காணாமல் போகலாம்.

இழப்பீடு கேட்க, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் காரணம் (வழக்குப் போட உரிமை தரும் நிகழ்வு) எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். அது எந்தத் தேதியில் எழுந்தது என்பதிலேயே வாதம் வரும், அதனால் காத்திருக்காதீர்கள். நீங்கள் கட்டிய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமான அரசு மருத்துவமனையாக இருந்திருந்தால் இந்த வழி இல்லை. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம், டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது.

வேறொரு மகப்பேறு நிபுணரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் இறங்காதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.