நிலைப்பல் உருவாகவே இல்லை என்றால்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் அடுத்து வர வேண்டிய பற்கள் வரவில்லை. ஒரு பக்கம் பால் பல் விழாமல் நிற்கிறது, மறுபக்கம் இடைவெளி. எக்ஸ்ரேயில் உள்ளே பல்லே இல்லை என்கிறார்கள். கர்ப்பத்தின்போது நான் கால்சியம் மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடாததுதான் காரணமா? உடனே இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துவிடலாமா?

பதில்: கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கவலையை முதலில் விடுங்கள் அம்மா. பல்லின் கரு உருவாவதை வழிநடத்தும் மரபணுக்களில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் காரணம். ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்காமலே, நூறு பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒரு நிலைப்பல்லாவது உருவாவதில்லை. உங்கள் மகளுக்கு இல்லாத பற்கள்தான் அடிக்கடி விடுபடுபவற்றில் சேர்ந்தவை. ஆறு அல்லது அதற்கு மேல் இல்லாமல் இருந்தாலோ, முடி மிக மெல்லியதாக இருந்து வியர்வையும் சரியாக வராவிட்டாலோ மரபியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இம்ப்ளான்ட் இப்போது வேண்டவே வேண்டாம். தாடை வளர வளர இயற்கைப் பற்களும் கூடவே கீழிறங்கும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிக்கொள்வதால் அப்படி இறங்காது. சில வருடங்களில் அது மட்டும் மேலே ஏறிக் குட்டையாகத் தெரியும், ஈறும் ஏற்ற இறக்கமாகிவிடும். முன்வரிசையில் இதைச் சரிசெய்வது மிகக் கடினம். வளர்ச்சி நின்றது உறுதியான பிறகே வைக்க வேண்டும். இருபதைத் தாண்டும்வரை பொறுத்தால் இன்னும் நல்லது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பல் சீரமைப்பு நிபுணர் முன் இரண்டு வழிகள் இருக்கும். கிளிப் போட்டுக் கோரைப்பற்களை இடைவெளிக்குள் நகர்த்தி, அவற்றின் கூர்முனையைத் தேய்த்து, பல் நிறப் பசையால் வடிவம் கொடுப்பது ஒன்று. கடிப்பு, அதாவது மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம், பொருந்தினால் இது எனக்குப் பிடித்த வழி, செயற்கைப் பல்லே தேவைப்படாது. இன்னொன்று, இடைவெளியைச் சரியான அளவுக்குத் திறந்து வைத்து, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பிரிட்ஜை, அதாவது செயற்கைப் பல்லை, பொருத்துவது. பல்லை அதிகம் செதுக்க வேண்டியிருக்காது. பிற்காலத்தில் விரும்பினால் இம்ப்ளான்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

எது ஏற்றது என்பதைக் கடிப்பு, கோரைப்பல்லின் நிறம், பற்களின் நெருக்கம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முடிவாகும்வரை பால் பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள், அந்த இடத்து எலும்பைக் காப்பது அதுதான். இடைவெளியால் பள்ளியில் சிரிக்கவே கூச்சப்படுகிறாளா? கழற்றி மாட்டும் தகட்டில் தற்காலிகப் பல் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

பல்லை முளைக்கவே வைக்கும் மருந்து பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். ஜப்பானின் கியோட்டோவில் 2024-இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது, அதுவும் பெரியவர்களிடம், மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கத்தான். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், இது பெரும்பாலும் மரபணு சார்ந்தது என்பதால், அவளுக்குத் தம்பி தங்கை இருந்தால், எட்டு ஒன்பது வயதில் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.