“ஒண்ணுமே நடக்கல அண்ணா”

கேள்வி: வீட்டில் பார்த்த படம், தொடர் பற்றி வேண்டியவர்களிடம் கருத்து சொன்னால் மனஸ்தாபத்தில்தான் முடிகிறது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களுக்குப் பிடித்துப்போன எதையோ ஆசையாக ஒருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள், அவர் ‘மொக்கை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்ன இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஏழு வயது வித்தியாசம். குடும்ப விஷயம் பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். படம் என்றால் மணிக்கணக்கில் பேசுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் இரவில் ஏதாவது ஒன்று பார்ப்பார், தூங்கப்போகும் முன் எனக்கு இரண்டு வரி அனுப்புவார். கதை சொல்ல மாட்டார், நன்றாக இருக்கிறது, இல்லை என்றும் சொல்ல மாட்டார். “அந்தப் பொண்ணு கதவைச் சாத்தற இடத்தை மட்டும் கவனிச்சுப் பாரு” என்பது போல ஒரு இடத்தைச் சொல்வார். அந்த இடத்துக்காகவே நான் பார்ப்பேன்.

ஒரு நாள் ‘டோக்கியோ ஸ்டோரி’ என்று பெயரை மட்டும் போட்டு, “பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு” என்று எழுதியிருந்தார். யசுஜிரோ ஓசு 1953-ல் எடுத்த ஜப்பானியப் படம், கறுப்பு வெள்ளை, 136 நிமிடம். வயதான அப்பாவும் அம்மாவும் தூரத்து ஊரிலிருந்து ரயிலேறி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. சில நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. கதை என்று சொன்னால் அவ்வளவுதான்.

நான் அதைக் கைப்பேசியில் 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். 136 நிமிடம் சுமார் 91 நிமிடமாகச் சுருங்கியது. அந்த நேரத்திலும் துணி மடித்தேன், வந்த இரண்டு அழைப்புகளை எடுத்துப் பேசினேன். ஓரக்கண்ணால்தான் சப்டைட்டில் படித்தேன். முடிந்ததும் போன் பண்ணவில்லை. வீட்டார் எல்லாரும் இருக்கும் குழுவில் போய், “ரொம்ப ஸ்லோ அண்ணா, ஒண்ணுமே நடக்கல. இதையெல்லாம் எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கறீங்களோ” என்று எழுதினேன். சின்னவர்கள் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அண்ணன் “சரிம்மா” என்று மட்டும் எழுதினார்.

அதற்குப் பிறகு இரவில் வரும் இரண்டு வரி நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. போன் பண்ணி ஏன் இப்போது எதுவும் அனுப்புவதில்லை என்று கேட்டேன். “ஒண்ணும் பெரிசா பார்க்கலம்மா” என்றார். பார்க்காமல் இருப்பவர் அல்ல அவர்.

அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது நானே கேட்டேன்: “அண்ணா, அந்த ஜப்பான் படத்தை இன்னொரு தடவை போடுங்க, சேர்ந்து பார்க்கலாம்.” ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

டிவியில் படம் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வந்தது. திரை முழுக்க வரும்படி மாற்றலாமே என்று ரிமோட்டை நீட்டினேன். மாற்றக் கூடாது என்றார். அந்தக் காலத்துப் படச்சட்டம் அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய 4-க்கு 3, இன்றைய டிவி 16-க்கு 9. இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். எடுத்தவர் பார்த்துப் பார்த்து வைத்த சட்டம் அது, இரண்டு பக்கத்தையும் சும்மா விடு என்றார்.

டிவியில் இன்னொன்றையும் அவர் அணைத்துவைத்திருந்தார். சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்களாக, அதாவது 24 அசையாத படங்களாக, எடுக்கப்படுவது. இப்போதைய டிவிகள் அவற்றுக்கு நடுவே தாமாகவே புதுச் சட்டங்களை உண்டாக்கிச் செருகுகின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு போகும், செலவழித்து எடுத்த படம்கூட வீடியோவில் பிடித்த நாடகம் மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோவே போட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் வேறு. உங்கள் டிவியில் பட அமைப்புகளுக்குள் ‘மோஷன்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். ‘மேக்கிங் சீரியல் மாதிரி இருக்கு’ என்று படத்தைத் திட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

படம் ஓடியது. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. கிழவரும் கிழவியும் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைக்கும் தலையணை எங்கே என்று அவள் கேட்கிறாள். உன்னிடம்தான் கொடுத்தேன் என்கிறார். இல்லவே இல்லை என்கிறாள். கடைசியில் அவர் பைக்குள்ளேயே அது இருக்கிறது. யாரும் சிரிப்பதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேரை அந்த ஒரு தலையணையை வைத்துக் காட்டிவிடுகிறார் ஓசு. முதல் தடவை நான் பார்த்தபோது இந்தக் காட்சி இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

வைத்துக்கொள்ள முடியாமல் பிள்ளைகள் அவர்களை அடாமி என்கிற கடலோர ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். விடுதியில் ராத்திரி முழுக்க இளவட்டங்களின் கூச்சல், தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து எழுகிறார்கள். எழும்போது அந்த அம்மா ஒரு கணம் தள்ளாடிக் குனிகிறாள். சரியாகத் தூங்காததால்தான் என்று சமாளித்துக்கொண்டு நடக்கிறாள். பின்னால் வரப்போகும் சாவு அங்கேயே தொடங்கிவிட்டது. நான் 1.5 மடங்கில் ஓட்டியபோது அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ‘ஒண்ணுமே நடக்கல’ என்று நான் எழுதிய படத்தில் இது நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் அங்கே படத்தை நிறுத்தவில்லை. அவர் நிறுத்தியது வேறு இடத்தில். மூத்த மகள் ஷிகே, அழகு நிலையம் வைத்திருப்பவள், தன் வீட்டில் அன்று கூட்டம் இருக்கிறது, இதற்குள் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று பெற்றவர்களிடம் முகம் காட்டுகிறாள். இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி எங்கே தங்குவது என்று யோசிக்கிறார்கள். அங்கேதான் நிறுத்தினார்.

“அப்பாவும் அம்மாவும் கடைசியா வந்தப்போ, என் வீட்டில் அஞ்சு நாள், உன் வீட்டில் அஞ்சு நாள்னு நாமே பிரிச்சோமே, ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. ஆறாம் நாள் நான் அண்ணனைக் கூப்பிட்டு, எனக்கு ஆபீஸில் ஆடிட் நடக்கிறது, இரண்டு நாள் முன்னாலேயே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கேட்டேன். அவரும் வேலை இருக்கிறது என்றார். அந்தப் பேச்சு நடந்தபோது அம்மா பக்கத்து அறையில் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் பல வருஷம் பேசாமல் கிடந்த விஷயம் அது. அதைப் பேசத்தான் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். படத்தின் பெயரை அனுப்பியதே அதற்குத்தான். நானோ பத்துப் பேர் முன்னால் ஸ்லோ என்று எழுதினேன்.

அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம். அதை இங்கே எழுதப் போவதில்லை. பிறகு மீதிப் படத்தைப் பார்த்தோம். விதவை மருமகள் நொரிகோவுக்கு மாமனார் தன் மனைவியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கும் இடம் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அந்தக் கிழவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது 49 வயதுதான் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். ஓசுவின் படங்களில் பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே, சாக்குத்துணி போன்ற பின்னணியில் வந்துவிடும். கடைசிக் காட்சி முடிந்தால் படம் முடிந்தது. நாங்கள் பார்த்த ஆப்பில் கடைசிப் படகுச் சத்தம் அடங்குவதற்குள் படத்தை ஒரு மூலைக்குச் சுருக்கிவிட்டு வேறு எதற்கோ டிரெய்லரைப் போட்டார்கள், அதுவும் இரண்டு மடங்கு சத்தத்தில். அண்ணன் ரிமோட்டைத் தேடித் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள பத்து நொடி கொடுத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? இந்தத் தானியங்கி ஓட்டத்தை அமைப்புகளில் அணைக்க முடிகிற ஆப் என்றால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

சிலர் வருவார்கள் என்று தெரியும். வேகமாக ஓட்டிப் பார்ப்பது என் இஷ்டம் என்பார்கள். உங்கள் இஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. செய்தி, சமையல் குறிப்பு எல்லாம் நானும் இன்றும் வேகமாகத்தான் ஓட்டுகிறேன். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் இந்த வேக வசதியைச் சோதித்தபோது ஜட் அபடோவ், பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டு வசதி வந்தேவிட்டது. கண் தெரியாதவர்கள் பலர் கேட்டு ரசிக்க இதை விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. நான் சொல்வது ஒன்றுதான்: வேகமாகப் பார்த்தால் அதைச் சொல்லிவிட்டுக் கருத்தைச் சொல்லுங்கள்.

உலகப் படம் பேசிப் பந்தா காட்டுகிறாள் என்றும் சிலர் நினைக்கலாம். 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்கிற பிரிட்டிஷ் சினிமா இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம்தான் முதலிடம். அது தெரிந்த பிறகு எனக்குப் பிடித்துவிடவில்லை. எத்தனை இயக்குநர்கள் கைதூக்கினாலும் உங்களுக்கு அலுத்தால் அலுத்ததுதான், அதைத் தாராளமாகச் சொல்லலாம். நான் பகல் நேரச் சீரியலும் பார்க்கிறேன், கொரியத் தொடரும் பார்க்கிறேன். சீரியல் பார்க்கிறவர்களுக்கு ரசனை கிடையாது என்பவர்களிடம் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். ஒரு பாத்திரம் எந்த எபிசோடில் என்ன பொய் சொன்னது என்று என் அம்மாவுக்கு வருஷக்கணக்கில் நினைவிருக்கும்.

எண்களைக் காட்டி வாயடைப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். என் அண்ணன் மகன் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடவே மாட்டான். அந்தச் சதவீதம் படத்துக்குப் போட்ட மார்க் இல்லை. நல்லவிதமாக எழுதிய விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அது. எல்லாரும் ‘பரவாயில்லை’ என்று எழுதிய படம் 95 வாங்கலாம். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் தூக்கியெறிந்த படம் 50-ல் நிற்கும். அந்த இரண்டாவது வகைப் படத்தைத்தான் பலர் வாழ்நாளெல்லாம் மறப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாயை மூடிக்கொள்ள வேண்டாம். நான் இப்போது எப்படிச் சொல்கிறேன் என்றால், எப்படிப் பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மகள் சொன்ன 16 எபிசோட் கொரியத் தொடரில் இரண்டோடு நிறுத்திவிட்டேன். ‘தொடர் மோசம்’ என்று சொல்லவில்லை. “ரெண்டு எபிசோட் பார்த்தேன், தமிழ் டப்பிங்ல பார்த்தேன், அந்தப் பையன் குரல் ஒட்டவே இல்ல, விட்டுட்டேன்” என்றேன். “அம்மா, கொரியன்லயே வச்சு சப்டைட்டிலோட பாருங்க” என்றாள். மாற்றிப் பார்த்தேன். அதே பையன் வேறு ஆளாக இருந்தான். ஆறாவது எபிசோடில் இருக்கிறேன். நாயகியின் அப்பாவை இன்னமும் பிடிக்கவில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், நன்றாக இருந்தது.

இன்னொன்று, ஒருவர் தனியாக உங்களுக்கு அனுப்பிய படத்துக்குக் குழுவில் பதில் எழுதாதீர்கள். அவருக்குப் போன் பண்ணுங்கள்.

அண்ணனின் இரண்டு வரி மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. நேற்று ஒரு படத்தின் பெயரைப் போட்டு, “மழை நிக்கற இடத்தைப் பாரு” என்று எழுதியிருந்தார். இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி, துணியெல்லாம் மடித்து வைத்த பிறகு.