மறு: நுவரெலியாவில் வாங்கிய பியூசியா கண்டியில் மொட்டை உதிர்க்கிறது

தங்கச்சி, கண்டிக்குக் கொண்டு வந்து மூணு கிழமையில மொட்டெல்லாம் கொட்டுது, மத்தியானத்தில வாடுது, தண்ணி ஊத்த ஊத்த மோசமாகுதுன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்துங்க.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல, கண்டி சுமார் 500தான். பியூசியா குளிர் மலைச் செடி. வெக்கை கூடினா மண் ஈரமா இருந்தாலும் இலை தொங்கும். தாகம்னு நினைச்சு நாம ஊத்துவோம், வேர் அழுகிடும். என்னோட முதல் கன்றை நானே அப்படித்தான் கொன்னேன், அதுவும் நுவரெலியா பக்கத்து நானுஓயா குளிர்ல! விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. மேல் மண் காய்ஞ்சிருந்தா மட்டும் காலையில ஊத்துங்க.

சாடியைக் கிழக்குப் பக்க இஸ்தோப்புக்கு (வராந்தாவுக்கு) மாத்துங்க. காலை வெயில் போதும், பத்து மணிக்குப் பிறகு நிழல்தான். தொங்குசாடின்னா காத்துல சீக்கிரம் காயும், கவனம்.

தளிர் நுனிகளைக் கிள்ளிவிடுங்க. பூ புதுக்கிளையிலதான் வரும், ஒன்றரை ரெண்டு மாசம் பொறுக்கணும். இலைக்கு அடியில செம்மஞ்சள் தூள் இருந்தா அது துரு நோய், அந்த இலையைப் பிடுங்கி எரிச்சிடுங்க.

உங்களோடது அடுக்குப் பூவா, ஒற்றைப் பூவா? அடுக்குன்னா கண்டியில கஷ்டம்தான். சின்ன ஒற்றைப் பூ ரகம் வெக்கையைக் கொஞ்சம் தாங்கும்.