லீஜியனில் சேர ஏஜென்டுக்குப் பணமா?

தம்பியைப் பிரெஞ்சு அந்நியப் படையில் (லீஜியன்: வெளிநாட்டவர் சேரும் பிரெஞ்சு ராணுவப் பிரிவு) சேர்த்துவிட்டு, மூன்றே வருடத்தில் பிரான்ஸ் பாஸ்போர்ட் என்று ஏஜென்ட் ஏழு லட்சம் கேட்கிறார் என்கிறீர்கள். கொடுக்காதீர்கள் சார். லீஜியனில் சேரக் கட்டணமே கிடையாது, ஏஜென்டும் கிடையாது. பிரான்சுக்கு வெளியே அவர்கள் ஆள் எடுப்பதில்லை. தம்பியே பாரிஸ் பக்கத்து நோஜான் கோட்டைக்கோ தெற்கே ஒபாஞுக்கோ போய் வாசலில் நிற்க வேண்டும். விசாவுக்கும் உதவ மாட்டார்கள். ஏஜென்ட் விற்பது அநேகமாக ஒரு சுற்றுலா விசாவைத்தான். தேர்வில் கழித்துவிட்டால் (நிறையப் பேரைக் கழிப்பார்கள்) தம்பி அங்கே தெருவில்தான்.

வயது 17½ முதல் 39½ வரை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் உள்ளே கற்றுத்தருவார்கள். முதல் ஒப்பந்தம் 5 ஆண்டு. மூன்று ஆண்டு முடிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். நன்னடத்தை, மொழி எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கு 1999 சட்டத்தில் தனி வழி உண்டு. அது ஆசைப்படுகிற வழியல்ல.

இன்னொன்று, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இதை அம்மாவிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று ஏஜென்டுகள் அனுப்பிய நம் பையன்கள் போர்முனையில் நின்ற 2024 செய்திகளையும் தம்பிக்குக் காட்டுங்கள்.