லிஃப்ட் இல்லாத நெருக்கம்

கேள்வி: நிலம் விற்கிற விலைக்கு, ஏழைகளுக்கு வீடு கட்ட அடுக்குமாடியை விட்டால் வேறு வழி உண்டா? – வாசகி, தாம்பரம்

பதில்: உண்டு. 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா அதைக் கட்டியே காட்டினார். எக்டேருக்கு சுமார் 500 பேர், ஆனால் லிஃப்டும் இல்லை, எட்டு மாடியும் இல்லை. எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள், அப்படி மூன்று வீட்டுத் தொகுப்புகள் சேர்ந்தால் நடுவே இன்னொரு பெரிய முற்றம், இப்படியே விரிந்துகொண்டு போகும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவர் என்பதே கிடையாது. அதனால் கையில் காசு வரும்போது ஒரு அறை கூட்டலாம், மாடி எழுப்பலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மாடி உயர உயர லிஃப்ட், பம்பு, பராமரிப்பு என்று மாதாமாதம் பணம் கேட்குமே, அந்தத் தொல்லையும் இல்லை.

குறை? பலர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பெரிய கான்கிரீட் வீடாகக் கட்டிக்கொண்டார்கள். கட்டிடக்கலைக்காரர்கள் இதற்கு வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை, வளரத்தானே அந்த இடமே விட்டது! அப்புறம் ஒன்று, நகர நடுவில், நிலம் துண்டாகக் கிடைக்கும் இடத்தில் இது எடுபடாது. அங்கே நான்கு மாடியாவது வேண்டும்.